கணக்கு வகுப்பில் உலகப் பார்வை: ஓர் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வி இதுதான்: நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறீர்கள். வகுப்பறைக்குள் உலகப் பார்வை வர வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. ஒரு பயிலரங்குக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கிவிட்டீர்கள். பள்ளியில் கொடிகளும் உடைகளுமாக ஒரு நாள் கொண்டாட்டம் நடந்தது. மறுநாள் எல்லாம் பழையபடி. வெளிநாடு போனதில்லை, பாடத்திட்டத்தில் இடமில்லை, கணக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு, சர்ச்சைக்குரிய விஷயம் வந்தால் என்ன செய்வது, நான் உண்மையில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

ஆசிரியர் பயிற்சியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தக் கேள்வியை எல்லாப் பாட ஆசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள், கணக்கு ஆசிரியர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குத் தனிப் பாடவேளை வேண்டாம், புதுப் பாடப்பொருளும் வேண்டாம். ஏற்கெனவே நடத்தும் ஒரு பாடத்துக்குள் "இதை யார், எங்கே நின்று பார்க்கிறார்கள்?" என்ற கேள்வி நுழைய வேண்டும். ஆசிரியர் வளர்வதும் அதே வழியில்தான். ஒரே ஒரு பாடத்தை மாற்றி நடத்துங்கள், பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று உட்கார்ந்து படியுங்கள், பிறகு அடுத்ததை மாற்றுங்கள்.

உங்கள் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. விகிதமும் சராசரியும் நடத்தும்போது மூன்று நாடுகளின் எண்களைப் பலகையில் எழுதுங்கள். 2022இல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் உற்பத்தி ஆகியவற்றால் வெளியான கரியமில வாயு, தோராயமாகச் சீனாவில் 1,140 கோடி டன், அமெரிக்காவில் 500 கோடி டன், இந்தியாவில் 280 கோடி டன். மக்கள்தொகை அதே வரிசையில் 142 கோடி, 34 கோடி, 142 கோடி. "யார் அதிகம் வெளியிடுகிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். எதை எதால் வகுப்பது என்று சொல்லாதீர்கள்.

முதலில் எல்லாரும் சீனா என்பார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை, "அங்கே ஆளும் அதிகம்தானே?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகக் காத்திருங்கள், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். வகுத்துப் பார்த்தால் ஓர் ஆளுக்குச் சீனாவில் சுமார் 8 டன், அமெரிக்காவில் சுமார் 15 டன், இந்தியாவில் 2 டன். வரிசை மாறிவிட்டது. இப்போது மூன்றாவது கணக்கைக் கொடுங்கள். காற்றில் ஏறிய கரியமில வாயு ஓராண்டில் மறைந்துவிடுவதில்லை, கணிசமான பகுதி நூற்றாண்டுகளுக்கு அங்கேயே தங்குகிறது. அதனால் 1750 முதல் இன்றுவரை வெளியானதையெல்லாம் கூட்டினால், உலக மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று, சீனாவின் பங்கு ஏழில் ஒன்று அளவு, இந்தியாவின் பங்கு 3 முதல் 4 விழுக்காடு. நான்காவதாக ஒன்றும் உண்டு. ஒரு நாட்டில் செய்த பொருளை இன்னொரு நாட்டில் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள் என்றால், அதன் புகை யார் கணக்கில் சேர வேண்டும்?

இந்த இடத்தில் வகுப்பில் சலசலப்பு வரும். "அப்போ எதுதான் சரியான விடை?" என்பார்கள். பல ஆசிரியர்கள் இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, "நீங்கள் இந்த நாட்டின் பிரதிநிதி, பேச்சுவார்த்தைக்கு இந்த நான்கில் எந்த எண்ணை எடுத்துப்போவீர்கள்? ஏன்?" என்று கேளுங்கள். ஒரு குழுவுக்குத் துவாலுவைக் கொடுங்கள். பசிபிக்கில் உள்ள அந்தத் தீவு நாட்டில் மிக உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டரைத் தொடாது. எந்த முறையில் கணக்கிட்டாலும் உலக மொத்தத்தில் அவர்கள் பங்கு கிட்டத்தட்ட சுழியம். இந்த நான்கு பட்டியல்களிலும் தங்களுக்குப் பயன்படும் எண்ணே இல்லை என்பதை அந்தக் குழு தானாகக் கண்டுபிடிக்கும். அவர்களுக்கு வேண்டியது யார் முதலிடம் என்பதைவிட, மொத்தம் எவ்வளவு, அது எப்போது குறையும் என்பது. அந்தக் குழு எழுந்து பேசும்போது மற்றக் குழுக்களின் வாதமும் மாறத் தொடங்கும்.

1992இல் உருவான ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்ற கொள்கை இடம்பெற்றதற்கும், அதை வைத்து நாடுகள் இன்றும் வாதிடுவதற்கும் பின்னால் இருப்பது இந்த நான்கு கணக்குகள்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாத விஷயமே இல்லை. விகிதம், சராசரி, விழுக்காடு மூன்றும் ஒரே வகுப்பில் முடிந்துவிடும், பாடத்திட்டத்தில் ஒரு வரிகூடக் குறையாது.

இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. உலகப் பார்வை என்றதும், "எல்லாருக்கும் அவரவர் உண்மை" என்று முடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. 1,140ஐ 142ஆல் வகுத்தால் 8 என்பதில் எந்த நாட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. புவி வெப்பமாவதிலும் மனிதச் செயல்தான் அதற்குக் காரணம் என்பதிலும் அறிவியலில் இரண்டு கட்சிகள் இல்லை. எதால் வகுப்பது நியாயம் என்பதில்தான் வாதம். எது ஆதாரத்தால் தீர்ந்த விஷயம், எது மதிப்பீட்டைப் பொறுத்த விஷயம் என்று பிரித்துக் காட்ட உங்கள் பாடத்தைப் போல வசதியான பாடம் வேறு இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி, நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். 1976இல் ராபர்ட் ஹான்வி என்ற அமெரிக்கக் கல்வியாளர் உலகப் பார்வையை ஐந்து கூறுகளாகப் பிரித்து எழுதினார். உலகின் நிலையை அறிவது, பிற பண்பாடுகளை அறிவது, உலக அளவில் ஒன்றோடொன்று பிணைந்து இயங்கும் போக்குகளை அறிவது, மனிதர்முன் உள்ள தேர்வுகளை அறிவது ஆகியவை அவற்றில் நான்கு. அவர் முதலில் வைத்தது வேறொன்றை: எனக்கென்று ஒரு பார்வை இருக்கிறது, அது எல்லாருக்கும் பொதுவானதல்ல, நான் அறியாமலே பல தாக்கங்கள் அதை வடிவமைத்திருக்கின்றன என்ற உணர்வு. மற்ற நான்கையும் புத்தகத்திலிருந்து ஓரளவு சேர்த்துவிடலாம். இந்த முதல் கூறைச் சேர்க்க முடியாது, பழகித்தான் வர வேண்டும். பயிலரங்குகள் பெரும்பாலும் மற்ற நான்கோடு நின்றுவிடுகின்றன. உங்கள் சான்றிதழுக்குப் பிறகு எதுவும் மாறாததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

பண்பாட்டு வேறுபாட்டை மனிதர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்த மில்டன் பென்னட் 1986இல் முன்வைத்த படிநிலைகளும் உங்களை நீங்களே பார்த்துக்கொள்ள உதவும். வேறுபாடே இல்லை என்று மறுப்பது, வேறுபாட்டைக் கண்டு தற்காப்புக்குப் போவது, வேறுபாட்டைச் சிறிதாக்கிவிடுவது, ஏற்பது, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது, தன் அடையாளத்தோடு இணைத்துக்கொள்வது என்று ஆறு படிகள். நல்ல மனம் கொண்ட ஆசிரியர்கள் பலர் மூன்றாம் படியில் நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். "எல்லாரும் மனிதர்கள்தானே, உள்ளுக்குள் ஒன்றுதானே" என்பது அன்பான பேச்சு. ஆனால் 'ஒன்று' என்று சொல்லும்போது நம் வழக்கத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம்.

கணக்கில் இதன் வடிவம், "கணிதம் உலகப் பொதுமொழி" என்ற நம்பிக்கை. ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ பிரேசிலிலோ படித்துவிட்டு உங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளை மூன்றரையை 3,5 என்று எழுதும், ஏனென்றால் அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. வகுத்தலில் வகுஎண்ணை வலப்பக்கம் எழுதிக் கணக்குப் போடும் பிள்ளையும் வரலாம். விடை சரியாக இருந்தும் அந்த எழுதும் முறை நமக்குப் பழக்கமில்லாததால் சிவப்பு மையில் அடித்துவிட்டால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது தன் முன்னாள் பள்ளி தப்பாகச் சொல்லிக்கொடுத்தது என்பதைத்தான். "உனக்கு அங்கே எப்படிச் சொல்லித்தந்தார்கள்? வந்து எல்லாருக்கும் போட்டுக் காட்டு" என்று பலகைக்கு அழைத்தால், இரண்டு முறைகளும் ஏன் ஒரே விடையைத் தருகின்றன என்று முழு வகுப்புமே யோசிக்கும். இட மதிப்பு அப்போதுதான் பல பிள்ளைகளுக்கு உண்மையிலேயே புரிகிறது.

வெளிநாடு போனதில்லை என்று வருந்த வேண்டாம். பயணம் நல்லதுதான், ஆனால் அது தானாகப் பார்வையைத் திறப்பதில்லை. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு தொடர்ந்து கவனியுங்கள் என்பதே என் யோசனை. அந்நாட்டுச் செய்தித்தாளை மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு படிக்கலாம். உங்கள் வகுப்புக்கு இணையான அவர்களின் கணக்குப் புத்தகம் இணையத்தில் கிடைத்தால் பாருங்கள்: எந்தப் பாடம் எந்த வயதில் வருகிறது, வார்த்தைக் கணக்குகளில் யார் என்ன வாங்குகிறார்கள், எதில் பயணம் போகிறார்கள்? நம் புத்தகத்தின் வார்த்தைக் கணக்குகளில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது அதன் பிறகு தானாகக் கண்ணில் படும். நாற்பது நாடுகளின் கொடியும் தலைநகரமும் தெரிவதைவிட, ஒரு நாட்டைப் பற்றி "இது எல்லா இடத்திலும் இப்படி இல்லை, அங்கேயும் இரண்டு கருத்து இருக்கிறது" என்று சொல்லத் தெரிவது உங்கள் வகுப்பை அதிகம் மாற்றும்.

வரலாறு எடுக்கும் சக ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இது இன்னும் எளிது. இரண்டாம் உலகப் போர் எப்போது தொடங்கியது என்று கேட்டால் போதும். போலந்துக்கு 1939 செப்டம்பர் 1. சீனாவில் பலருக்கு 1937 ஜூலை 7, 2017 முதல் அங்கே பாடநூல்களில் ஜப்பானுக்கு எதிரான போரையே 1931இலிருந்து எண்ணுகிறார்கள். சோவியத் ஒன்றியத்துக்கு 1941 ஜூன், அமெரிக்காவுக்கு 1941 டிசம்பர். எல்லாத் தேதிகளும் உண்மை நிகழ்வுகள், எதை 'தொடக்கம்' என்பது என்பதில்தான் வேறுபாடு. ஜெர்மனியும் பிரான்சும் இரு நாட்டு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே வரலாற்றுப் பாடநூலைச் சேர்ந்து எழுதி, 2006இல் முதல் தொகுதியை வெளியிட்டன. ஒன்றையொன்று பலமுறை போரில் சந்தித்த இரு நாடுகள் அதைச் செய்ய முடிந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

கொடி, உடைக் கொண்டாட்டத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சி. ஆனால் அதோடு நிறுத்தினால் பிற நாட்டவர்கள் வண்ண உடை அணிந்து ஆடுபவர்களாகவே மனதில் பதிவார்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது இரக்கப் பாடம். ஆப்பிரிக்காவை ஒரே நாடு போலப் பேசி, பசித்த குழந்தையின் படத்தைக் காட்டி, நாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று முடிப்பது. ஐ.நா.வில் உறுப்பினராக உள்ள 54 நாடுகள் அந்தக் கண்டத்தில் இருக்கின்றன. இதற்கு மாற்றாகக் கேப்மைண்டர் அமைப்பின் 'டாலர் ஸ்ட்ரீட்' தளத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். 50க்கும் மேற்பட்ட நாடுகளில் நூற்றுக்கணக்கான வீடுகளின் அடுப்பு, படுக்கை, பல் துலக்கும் பொருள் என்று படங்கள் எடுத்து, நாட்டு வாரியாக அல்லாமல் வருமான வாரியாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். வெவ்வேறு கண்டங்களில் ஒரே வருமானத்தில் வாழும் இரண்டு குடும்பங்களின் வீடு எவ்வளவு ஒத்திருக்கிறது, ஒரே நாட்டில் வருமானம் மாறினால் வீடு எவ்வளவு மாறுகிறது என்று பிள்ளைகளே அளந்து சொல்வார்கள். வீச்சு, இடைநிலை, பரவல் எல்லாம் நடத்த அருமையான தரவு.

வேறொரு நாட்டு வகுப்போடு இணைய வழியில் தொடர்பு வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக. ஐஇயர்ன் என்ற வலையமைப்பு 1988இல் நியூயார்க் மாநிலத்துப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் இணைத்துத் தொடங்கியது, பனிப்போர் முடியாத காலம் அது. ஆனால் சந்திப்பு மட்டுமே எதையும் மாற்றாது என்பதை அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதிவிட்டார். இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், நிறுவனத்தின் ஆதரவு வேண்டும். இவை இல்லாத காணொளிச் சந்திப்பில் பிள்ளைகள் கையசைத்துவிட்டு, முன்பு நினைத்ததையே நினைத்துக்கொண்டு போவார்கள். ஆகவே 'அறிமுகம்' என்று தொடங்காமல் ஒரு வேலையோடு தொடங்குங்கள். இரு வகுப்பும் ஒரு மாதம் தங்கள் பள்ளியின் தண்ணீர்ப் பயன்பாட்டை அளந்து, எப்படி அளப்பது என்று பேசி முடிவு செய்து, ஒரே வரைபடமாக்கட்டும். நேர வித்தியாசம் அதிகமானால் நேரலை வேண்டாம், பதிவு செய்த குரலும் எழுத்தும் போதும். பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளின் முகமோ பெயரோ போக வேண்டாம்.

அடுத்தது, உங்கள் வளர்ச்சியை நீங்கள் எப்படி அறிவது? தாமஸ் கஸ்கி என்ற ஆய்வாளர் 1986இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆசிரியரின் நம்பிக்கையை மாற்றினால் அவர் கற்பிப்பது மாறும் என்று பயிற்சி நடத்துபவர்கள் எண்ணுகிறார்கள். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். ஆசிரியர் முதலில் ஒன்றை மாற்றிச் செய்து பார்க்கிறார், பிள்ளைகளிடம் பலன் தெரிகிறது, அதன் பிறகே அவர் நம்பிக்கை மாறுகிறது. என் அனுபவம் இதோடு முழுமையாக ஒத்துப்போகிறது. உலகப் பார்வையில் நம்பிக்கை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

பலனைப் பார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். கரியமில வாயுப் பாடத்துக்கு முன், "புவி வெப்பமாவதற்கு யார் பொறுப்பு?" என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கொடுங்கள். நன்றாகப் படிக்கும் ஒருவர், நடுவில் ஒருவர், பேசவே தயங்கும் ஒருவர் என மூன்று பிள்ளைகளின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். "அவர்கள் எல்லாரும்" என்று எழுதியது "சில நாடுகள்" என்றோ "இந்த அளவுகோலின்படி" என்றோ மாறியிருக்கிறதா? எண்ணைச் சொல்லும்போது எதால் வகுத்தது என்றும் சொல்கிறார்களா? தங்களுக்கு உடன்பாடில்லாத தரப்பின் வாதத்தை, அந்தத் தரப்பே ஒப்புக்கொள்ளும் வகையில் எழுத முடிகிறதா? மூன்றாவதுதான் கடினம், அது ஒரு பாடத்தில் வராது. ஒரு பருவம் முழுக்க வராவிட்டாலும் சோர்ந்துபோக வேண்டாம்.

இதைத் தனியாகச் செய்வதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து செய்வது நல்லது. ஜப்பானில் நூறாண்டுக்கு மேலாக நடக்கும் 'பாட ஆய்வு' முறை இதற்கு மிகவும் பொருந்தும். சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் இருந்து பார்ப்பார்கள். பார்ப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. எந்தப் பிள்ளை எந்தக் கேள்வியில் தயங்கியது, துவாலு குழு எந்த நொடியில் நிமிர்ந்து உட்கார்ந்தது என்று குறித்துவைத்துப் பின்னர் பேசுவார்கள். ஆசிரியருக்கு மதிப்பெண் போட வந்த மேற்பார்வையாக அது மாறினால் உடனே நிறுத்திவிடுங்கள், பயன் போய்விடும்.

சர்ச்சைக்குரிய விஷயம் வந்தால் என்ன செய்வது என்ற பயமும் உங்கள் கேள்வியில் தெரிந்தது. ஜெர்மனியில் 1976இல் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய கல்வியாளர்களின் பேச்சிலிருந்து மூன்று விதிகள் உருவாயின. மாணவரைத் தன் கருத்துக்குள் அமுக்கிவிடக் கூடாது. சமூகத்திலும் அறிவுலகிலும் விவாதத்தில் உள்ளதை வகுப்பிலும் விவாதத்துக்குரியதாகவே காட்ட வேண்டும். மாணவர் தன் நிலையைத் தானே ஆராய்ந்து செயல்படும் திறன் பெற வேண்டும். இதோடு நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன். போரிலிருந்தோ பஞ்சத்திலிருந்தோ வந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், "உன் நாட்டைப் பற்றிச் சொல்" என்று எல்லார் முன்னும் நிறுத்தாதீர்கள். முந்தைய நாள் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். எந்தப் பிள்ளையும் ஒரு நாட்டின் தூதர் இல்லை.

நிர்வாகத்திடம் பேசும்போது கையில் ஆவணம் இருப்பது நல்லது. உலகக் குடியுரிமைக் கல்வி, ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.7இல் இருக்கிறது. அது எந்த அளவு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்று அளக்கும் நான்கு இடங்களில் ஆசிரியர் கல்வியும் ஒன்று, மற்றவை கொள்கை, பாடத்திட்டம், மாணவர் மதிப்பீடு. யுனெஸ்கோ, பன்னாட்டுப் புரிதல், அமைதி, மனித உரிமை ஆகியவற்றுக்கான கல்வி பற்றிய தனது 1974ஆம் ஆண்டுப் பரிந்துரையைப் புதுப்பித்து 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் காட்டி, ஆண்டுக்கு ஒரு பயிலரங்குக்குப் பதிலாக மாதம் ஒரு மணி நேரம் சக ஆசிரியர்களோடு உட்கார நேரம் கேளுங்கள். பருவ முடிவில் கொண்டாட்டப் படங்களோடு, ஒரே பாடத்தின் பழைய திட்டம், புதிய திட்டம், அந்த மூன்று பிள்ளைகளின் தாள்கள் ஆகியவற்றையும் மேசையில் வையுங்கள்.

முதல் பாடம் முடிந்ததும் அடுத்ததற்கு அதிகம் தேட வேண்டாம், பரப்பளவு வரும்போது சுவரில் மெர்கேட்டர் உலக வரைபடத்தை ஒட்டுங்கள். அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரியும். உண்மையில் ஒன்று சுமார் 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர், மற்றொன்று சுமார் 3 கோடி. எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டு முடித்ததும், 1569இல் கடலோடிகளுக்காக வரையப்பட்ட அந்தப் படம் திசைக் கோணத்தைச் சரியாகக் காட்டுவதற்காக எதை விட்டுக்கொடுத்தது என்று கேளுங்கள். அதற்கு முன் இந்தப் பருவத்துப் பாடத்திட்டத்தைத் திறந்து, விகிதம் எந்த வாரத்தில் வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.